வாயிற்படியும் வெற்றிருக்கையும்: போலந்து மக்களிடையே அயலார்



போலந்து நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் வாயிற்படிக்கு வெளியேயும் வீட்டுக்காரர் உள்ளேயும் நின்றுகொண்டு, படிக்கு மேலாகக் கைகுலுக்கிக் கொள்வதில்லை. வந்தவர் கையை நீட்டினால் வீட்டுக்காரர் சற்றே பின்வாங்குவார். “உள்ளே வாருங்கள்” என்பார். விருந்தினர் படியைக் கடந்து வந்த பிறகே கைகள் சேரும். படிக்கு மேலாகக் கை கொடுத்தால் உறவு கெடும் என்பது பழைய நம்பிக்கை. நம்பிக்கை தளர்ந்த இல்லங்களிலும் பழக்கம் நீடிக்கின்றது. இதனை அறியாத அயலார், நீட்டிய கையோடு சில நொடிகள் திகைத்து நிற்பார். தம் வருகை விரும்பப்படவில்லை போலும் என்று மனம் சுருங்குவார். உண்மையோ நேர்மாறானது. வெளியே நிறுத்தி வைத்துக் கைகொடுத்து அனுப்ப அவ்வீட்டார் விரும்பவில்லை, உள்ளே அழைக்கின்றனர்.

போலந்து மக்களிடையே வாழச் சென்ற அயலார்க்கு நாள்தோறும் நேரும் திகைப்புகள் யாவற்றையும் இந்த ஒரு வாயிற்படியை வைத்தே விளக்கிவிடலாம். படிக்கு வெளியே அம்மக்களுக்கு ஒரு முகம். உள்ளே வேறொரு முகம். அகம், புறம் என்று வாழ்வை இரண்டாகப் பகுத்துப் பாடிய மொழிக்குரியவர்களுக்கு இப்பகுப்பு புரியாததன்று. ஆயினும் அகத்துக்கும் புறத்துக்கும் இடையே அங்குள்ள படி உயரமானது. அதில் இடறாத அயலார் இலர்.

புறத்தில் காணும் முகம்

வார்சாவிலோ கிராக்கோவிலோ சென்று இறங்குபவர் முதலில் காண்பது டிராம் வண்டியில் அமர்ந்திருக்கும் நகைக்காத முகங்களை. எதிரில் இருப்பவரைப் பார்த்துப் புன்னகைத்தால் பதில் புன்னகை வாராது. “இவர் யார்? எதற்காகச் சிரிக்கிறார்?” என்னும் ஐயமே அக்கண்களில் தோன்றும். அறிமுகமற்றவரிடம் காரணமின்றிச் சிரிப்பது அங்கு நல்லொழுக்கத்தின் அடையாளம் அன்று. பொய்மையின் சாயல் என்றே பலரும் கொள்வர். இரயிலில் ஏறியமர்ந்த சிறிது நேரத்தில் எந்த ஊர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்டு, கட்டுச்சோற்றையும் பகிர்ந்து பழகியவர்க்கு இந்த மௌனம் பனிக்காலக் குளிரினும் கொடியதாகத் தோன்றும்.

ஆனால் அதே மக்கள், மருத்துவரைக் காணக் காத்திருக்கும் அறைக்குள் நுழையும்போது, அங்கிருக்கும் அறியாதவர் அனைவரையும் நோக்கி “ஜென் டோப்ரி” என்பர். ‘நல்ல நாள்’ என்பது அதன் பொருள். மின்தூக்கியிலும் சிறு கடையிலும் இரயில் பெட்டியின் அறையிலும் அப்படியே. வெளியேறும்போது விடைபெறும் சொல்லையும் தவறாது சொல்வர். பேசாமல் நுழைந்து பேசாமல் அமரும் அயலாரை அவர்கள் நாகரிகமற்றவர் என்று எண்ணுவர். ஆக, சிரியாதவர் யார், வணங்காதவர் யார் என்று இரு தரப்பாரும் ஒருவரையொருவர் குறைகூறிக் கொண்டிருப்பர். இருவர் கூறுவதிலும் உண்மை இருப்பதுதான் இதிலுள்ள துயரம்.

நலம் விசாரித்தலும் இத்தகையதே. ஆங்கிலம் வழங்கும் நாடுகளில் “எப்படி இருக்கிறீர்கள்?” என்பதற்கு “மிக நன்று” என்பதே விடை, அது கேள்வியும் அன்று, விடையும் அன்று, கடந்து செல்லும் ஓர் ஒலி. போலந்தில் அக்கேள்வியை அறிந்தவரிடமே கேட்பர். கேட்டால் உண்மையான விடை வரும். முதுகுவலி, வாடகை, மேலதிகாரி, அரசாங்கம், மழை என முறையீடு நீளும். சுருக்கமாகச் சொல்ல விரும்புவோர் “ஸ்தாரா பியெதா” என்பர். ‘பழைய வறுமைதான்’ என்பது அதன் பொருள். செல்வரும் அதைச் சொல்வர். தமது குறையைச் சொல்வது அங்கே நெருக்கத்தின் தொடக்கம். “எல்லாம் நலம்” என்று நாள்தோறும் புன்னகைக்கும் அயலாரிடம் நெருங்க அவர்கள் தயங்குவது இதனால்தான்.

இன்னொரு முரண். வழியில் ஏறெடுத்தும் பாராத மூதாட்டி, குளிர்நாளில் குழந்தையைத் தொப்பியின்றித் தூக்கிச் செல்லும் அயல்நாட்டுத் தாயைக் கண்டால் நின்றுவிடுவார். “குழந்தைக்குத் தலையில் ஒன்றும் இல்லையே!” என்று நடுத்தெருவில் கடிந்துரைப்பார். அத்தாய்க்குச் சினம் வரும். சில ஆண்டுகள் கழிந்த பிறகே அது கடிதல் வடிவில் வந்த பரிவு என்று விளங்கும். புன்னகையைச் செலவிடத் தயங்கும் சமுதாயம் அக்கறையைச் செலவிடத் தயங்கவில்லை.

சின்னஞ்சிறு இடறல்கள் இன்னும் பல. பொதுக் கழிப்பறைக் கதவுகளில் சொல்லுக்குப் பதிலாக வட்டமும் முக்கோணமும் வரையப்பட்டிருக்கும். வட்டம் மகளிர்க்கு, முக்கோணம் ஆடவர்க்கு. அறியாதவர் இரண்டுக்கும் நடுவே நின்று வடிவியல் சிந்திப்பர். கடையில் பணத்தைக் காசாளர் கையில் கொடாமல் சிறு தட்டில் வைக்க வேண்டும், பெரிய தாளை நீட்டினால் “சில்லறை இல்லையா?” என்னும் வினா எழும். உணவகத்தில் பணத்தை நீட்டிக்கொண்டே “நன்றி” என்று சொல்லிவிட்டால், மீதியைப் பணியாளரே வைத்துக்கொள்ளலாம் என்று பொருளாகிவிடும். நன்றி சொல்லக் கற்ற முதல் நாளிலேயே அதற்கு விலையும் கொடுத்த அயலார் பலர். 2018ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டத்தால் பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பெருங்கடைகள் மூடியிருக்கும். அதனை அறியாமல் அடுக்களையில் ஒன்றுமின்றி அந்நாளைக் கழிப்பவரும் உண்டு.

பெயரும் விளியும்

இவை எல்லாவற்றினும் ஆழமான இடறல் மொழியில் நிகழ்கின்றது. போலிஷ் மொழியில் அறிமுகமற்றவரையும் மூத்தவரையும் ‘நீ’ என்று விளிப்பது பெரும்பிழை. ஆணைப் ‘பான்’ என்றும் பெண்ணைப் ‘பானி’ என்றும் சுட்டி, எதிரில் நிற்பவரிடமே படர்க்கையில் பேச வேண்டும். “தேநீர் அருந்துகிறாயா?” என்பதன்று, “பான் தேநீர் அருந்துவாரா?” என்பதே முறை. ‘யூ’ என்னும் ஒரே சொல்லால் அரசரையும் அண்டை வீட்டுச் சிறுவனையும் விளித்துப் பழகியவர்க்கு இது வியப்பளிக்கும். ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’, ‘தாங்கள்’ என்னும் படிகளில் ஏறி இறங்கி வளர்ந்த தமிழர்க்கு அவ்வளவு வியப்பில்லை. “ஐயா எப்போது வந்தார்கள்?” என்று எதிரில் நிற்பவரையே கேட்கும் மரபு தமிழிலும் உண்டல்லவா?

‘பான்’ என்பதிலிருந்து ‘நீ’ என்பதற்கு மாறுவதற்கும் முறை உண்டு. வயதில் மூத்தவரோ, பதவியில் உயர்ந்தவரோ, ஆணும் பெண்ணுமாயின் பெண்ணோ அதனை முன்மொழிய வேண்டும். பழைய முறைப்படி இருவரும் முழங்கைகளைக் கோத்துக்கொண்டு கோப்பையிலுள்ளதைப் பருகி, தத்தம் பெயரைப் புதிதாய்ச் சொல்லிக்கொள்வர். பல்லாண்டு அறிந்தவராயினும் அன்றுதான் முதன்முதல் அறிமுகமானவர்போல் பெயர் சொல்வர். இளையோரிடையே இம்முறை பெரிதும் நெகிழ்ந்துவிட்டது. எனினும் ஒரு பேராசிரியரிடம் மாணவர் தாமாக ‘நீ’ என்னும் சொல்லுக்குத் தாவிவிட முடியாது. அது மூடிய கதவைத் தள்ளித் திறப்பதாகும்.

போலிஷ் மொழியில் வேற்றுமைகள் ஏழு. ஏழாவது விளி வேற்றுமை. வேற்றுமை ஏழு என்றும், விளியோடு சேர்த்து எட்டு என்றும் வகுத்து, விளிமரபு என ஓர் இயலையே தனியாக அமைத்தவர் தொல்காப்பியர். கண்ணன் ‘கண்ணா’ என்று ஆவதுபோல் அங்கே அன்னா ‘அன்னோ’ என்று ஆவாள். ஆனால் ஒரு வேறுபாடு. தமிழில் உருபு பெயரின் பின்னே வந்து ஒட்டும். பெயர் பெரும்பாலும் அப்படியே நிற்கும். போலிஷ் மொழியிலோ பெயரின் ஈறே மாறிவிடும். தம் பெயரை ஆறு ஏழு வடிவங்களில் பிறர் சொல்லக் கேட்கும் அயலார், தம்மைத்தான் சொல்கின்றனரா, வேறு யாரையோ சொல்கின்றனரா என்று ஐயுறுவர். ஆவணத்தில் காத்தர்ஜினா என்று இருக்கும் பெண்ணை நண்பர்கள் காஷா என்பர். மல்கொர்ஜாத்தா கோஷா ஆவாள். அலெக்சாண்ட்ரா ஓலா ஆவாள். முழுப்பெயர் அலுவலகத்துக்குரியது, குறும்பெயர் அன்புக்குரியது. அயலாரின் பெயருக்கும் ஒருநாள் அத்தகைய குறும்பெயர் கிடைக்கும். அந்நாளில் அவர் படியைக் கடந்துவிட்டார் என்று கொள்ளலாம்.

படி உயர்ந்த வரலாறு

இந்தப் படி ஏன் இவ்வளவு உயர்ந்தது? வரலாறு ஒரு விடை தருகின்றது. 1772க்கும் 1795க்கும் இடையே ரஷியா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளும் போலந்தைப் பங்கிட்டுக்கொண்டன. அதன்பின் 1918 வரை, 123 ஆண்டுகள், நிலப்படத்தில் தன்னுரிமையுள்ள போலந்து அரசே இல்லை. பள்ளியில் பிறமொழி ஒலித்தது. தாய்மொழி வீட்டுக்குள் ஒதுங்கிற்று. ரஷிய ஆட்சியின்கீழ் இருந்த வார்சாவில் தனியார் வீடுகளில் மறைவாக நடந்த ‘பறக்கும் பல்கலைக்கழகம்’ பெண்களுக்கும் உயர்கல்வி தந்தது. பின்னாளில் மேரி கியூரி என்று உலகம் போற்றிய மரியா ஸ்க்வொதோவ்ஸ்கா அதில் பயின்றவர். பின்னர் 1939 முதல் 1945 வரை அயலார் ஆக்கிரமிப்பு. அதன்பின் 1989 வரை, அண்டை வீட்டாரே உளவு சொல்லக்கூடும் என்ற அச்சம் நிலவிய ஆட்சி. தலைமுறை தலைமுறையாகத் தெரு பிறருடையதாக இருந்தது. வீடு மட்டுமே தம்முடையதாக இருந்தது. தெருவில் வாய் திறவாமையும் வீட்டில் மனம் திறத்தலும் இந்தப் பட்டறிவில் பிறந்தன என்று கொள்வதில் தவறில்லை.

இன்னொன்றும் கருதத்தக்கது. 1939க்கு முன் அந்நாட்டு மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் உக்ரேனியர், யூதர், பெலாரஸ் மக்கள், ஜெர்மானியர் முதலிய பிற இனத்தவர். நாஜிகளின் யூதப் படுகொலையும், போருக்குப்பின் எல்லைகள் இடம்பெயர்ந்தமையும், மக்கள் பெயர்க்கப்பட்டமையும் சேர்ந்து அந்நாட்டை ஏறக்குறைய ஓரினமே வாழும் நாடாக்கின. அரை நூற்றாண்டுக் காலம் அயல்முகம் அங்கே அரிய காட்சி. கருநிறத்தவரைத் தெருவில் உற்று நோக்கும் பார்வையில் சிலவேளை வெறும் வியப்பு உண்டு. சிலவேளை வன்சொல்லும் உண்டு. இரண்டையும் ஒன்றாக எண்ணுதல் பிழை. வன்சொல்லை வியப்பென்று மழுப்புதலும் பிழை.

அகத்தில் காணும் முகம்

படியைக் கடந்தால் காட்சி மாறுகின்றது. விருந்தினர் காலணியைக் கழற்ற, ‘கப்ச்சே’ என்னும் வீட்டுச் செருப்புகளை வீட்டுக்காரர் எடுத்து வைப்பார். மேலைநாட்டார் பலர்க்கு இது வியப்பு. தமிழர்க்கு வீடு திரும்பிய உணர்வு. கையில் மலர் கொண்டு செல்வது முறை. மலர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருத்தல் வேண்டும், இரட்டைப்படை இறுதிச்சடங்குக்குரியது. மொய்யில் நூற்றுக்கு மேல் ஒன்று வைப்பவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. ஆனால் செவ்வந்தியை எடுத்துச் சென்றால் வீட்டுக்காரர் முகம் மாறும். அது நவம்பர் முதல் நாள், மறைந்தோர் நினைவு போற்றிக் கல்லறைதோறும் விளக்கேற்றும்போது வைக்கும் மலர். தமிழர் பூசைக்குப் பறிக்கும் மலரை அவர்கள் கல்லறைக்கு வைக்கின்றனர்; மலர் ஒன்றே, திணை வேறு.

பிறகு உணவு. பகல் உணவு பிற்பகலில், வேலை முடிந்த பின்னர் நடைபெறும். புளிக்கவைத்த ரை தானிய மாவில் சமைக்கும் ‘ஜூரெக்’ என்னும் புளிப்புச் சாறும், உப்புநீரில் ஊறிப் புளித்த வெள்ளரியும் முதலில் அயலாரின் முகத்தைச் சுளிக்க வைக்கும். பழையசோற்று நீரின் புளிப்பை அறிந்த நாவுக்கு அவை விரைவில் பழகிவிடும். “போதும்” என்னும் சொல்லை முதல்முறை எந்த வீட்டுக்காரியும் செவிமடுப்பதில்லை. ‘விருந்தினர் வீட்டுக்கு வந்தால் இறைவன் வீட்டுக்கு வந்தான்’ என்பது அம்மக்களின் பழமொழி. பிறந்தநாளை விட, நாட்காட்டியில் தம் பெயருக்குரிய நாளைக் கொண்டாடுவது பலரது மரபு. பழைய வழக்கப்படி அன்று அழைப்பின்றியே நண்பர் வருவர். வருவார்க்கு உணவு காத்திருக்கும். வாழ்த்துப்பாட்டின் பெயர் ‘ஸ்தோ லாத்’, அதாவது ‘நூறாண்டு’. தரையில் விழுந்த அப்பத்துணுக்கை எடுத்து முத்தமிடும் வழக்கம் முதியோரிடம் இருந்தது.

அந்த அப்பத்துணுக்கை ஒரு கவிஞர் மறக்கவில்லை. நாடிழந்து அயலில் வாழ்ந்து பாரிசில் மறைந்த சிப்ரியான் நோர்வித் (1821–1883), தம் ஊரின் ஏக்கத்தைப் பாடியபோது கோட்டைகளை நினைக்கவில்லை, போர்களை நினைக்கவில்லை; கீழே விழுந்த அப்பத்தைப் பணிந்தெடுக்கும் வழக்கத்தையும் மக்கள் ஒருவரையொருவர் வாழ்த்தும் முறையையும் நினைந்தார். கவிஞர்கள் சற்று நின்று கருதத்தக்க செய்தி இது. அயலார் நாள்தோறும் இடறும் அதே சிறு வழக்கங்களையே நாடு பிரிந்தவர் நாள்தோறும் ஏங்கி நினைக்கின்றார். ஒருவர்க்குத் தடைக்கல்லாக இருப்பது மற்றொருவர்க்குத் தாய்மடியாக இருக்கின்றது.

வெற்றிருக்கை

டிசம்பர் 24ஆம் நாள் ‘விகிலியா’ என்னும் திருநாள் முன்னிரவு. 2025 முதல் அது அரசு விடுமுறை நாளுமாயிற்று. பிற்பகலிலேயே நகரம் ஓய்ந்துவிடும், கடைகள் அடைபடும், வண்டிகள் அருகும். தனியறையில் வாழும் அயல்நாட்டு மாணவர்க்கு ஆண்டிலேயே கொடிய மாலை அதுதான். சன்னல்தோறும் விளக்கு, தமக்கென ஒரு சன்னலும் இல்லை.

அன்று உள்ளே அழைக்கப்பட்டவர் காண்பது வேறு. முதல் விண்மீன் தோன்றிய பிறகே உணவு. மேசைவிரிப்பின் அடியில் சிறிது வைக்கோல். இறைச்சியற்ற பன்னிரண்டு உணவு வகைகள். செங்கிழங்குச் சாறு, கெண்டை மீன், பாப்பி விதைப் பணியாரங்கள். உண்பதற்கு முன் ஒவ்வொருவரும் ‘ஒப்வாத்தெக்’ என்னும் மெல்லிய அப்பத்தட்டைக் கையில் ஏந்தி, ஒவ்வொருவரிடமும் சென்று, அவர் கையிலுள்ளதில் ஒரு துண்டை ஒடித்து உண்டு, கண்ணை நோக்கி வாழ்த்துரைப்பர். உடல்நலம் வேண்டுவர்; தேர்வில் வெற்றி வேண்டுவர்; ஆண்டு முழுதும் பேசாதிருந்தவர் அன்று பேசுவர்; கண்கள் கசியும். ஆண்டெல்லாம் சிரிக்காத முகங்கள் இவைதாமா என்று அயலார் திகைப்பார். முதல் திகைப்பு தம்மை யாரும் நெருங்கவில்லை என்பது. இந்தத் திகைப்போ இத்துணை நெருக்கத்துக்குத் தாம் ஆயத்தமாக இல்லையே என்பது.

அம்மேசையில் ஒரு தட்டும் ஓர் இருக்கையும் வெறுமையாக இருக்கும். எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கர்க்காக அவ்விடம். மறைந்த உறவினர் நினைவாக என்று கொள்வாரும் உண்டு. அயலார் மனத்தில் ஒரு வினா எழாமல் இராது: உண்மையிலேயே இப்போது ஒருவர் கதவைத் தட்டினால்?

அண்மைக்கால வரலாறு அவ்வினாவை அந்நாட்டிடமே கேட்டது. 2021இல் பெலாரஸ் எல்லைக் காடுகளில், மத்திய கிழக்கிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் வந்த மக்கள் சிக்கினர். பெலாரஸ் அரசு அவர்களை எல்லைக்குத் தள்ளிற்று. போலந்துக் காவலர் திருப்பித் தள்ளினர். குளிரில் உயிரிழந்தோர் உண்டு. அப்போது எல்லையோர ஊர்களில் சிலர் தம் வீட்டுச் சன்னலில் பச்சை விளக்கு ஏற்றினர். ‘இங்கே உணவும் வெதுவெதுப்பும் கிடைக்கும், அஞ்ச வேண்டா’ என்பது அதன் பொருள். அவ்விளக்கை ஏற்றாத வீடுகளே மிகுதி. அடுத்த ஆண்டு, 2022 பிப்ரவரி 24 அன்று உக்ரைன் மீது போர் தொடங்கியதும், பல இலட்சம் மக்கள் எல்லை கடந்து வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். போலந்துக் குடும்பங்கள் முன்பின் அறியாதாரைத் தம் வீட்டு அறைகளில் தங்க வைத்தன. உக்ரைனில் மருத்துவம் பயின்ற இந்திய மாணவர் பலரும், அவர்களுள் தமிழ்நாட்டு மாணவரும், அவ்வெல்லைகள் வழியே உயிர் தப்பினர். அன்று நிலையத்தில் சூடான சாறும் போர்வையும் தந்த கைகள், டிராம் வண்டியில் சிரிக்காத அதே மக்களின் கைகள்.

ஒரே நாடு, ஒரே மேசை. ஒருவர்க்கு இருக்கை கிடைத்தது. மற்றொருவர்க்குக் காடு கிடைத்தது. பின்வந்த ஆண்டுகளில் அயலார்மீது கசப்பும் அந்நாட்டு மேடைகளில் ஒலித்தது. எனவே வெற்றிருக்கையை வைத்து அம்மக்களை வானளாவப் புகழ்தலும் பொருந்தாது. மூடிய கதவை வைத்துப் பழித்தலும் பொருந்தாது. ஆண்டுதோறும் ஓர் இருக்கையை வெறுமையாக வைத்து அதன் முன் அமரும் மக்கள், தம்மைத் தாமே அளந்துகொள்ள ஓர் அளவுகோலை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கின்றனர். அளவுகோலுக்குக் குறைந்துபோன நாட்கள் உண்டு. ஆனால் கோலை அவர்கள் எறிந்துவிடவில்லை.

நிறைவாக

அயல்நாட்டு வாழ்வின் திகைப்பு என்பது பிறரின் விசித்திரம் அன்று. தம் வழக்கமே இயல்பு என்று எண்ணியிருந்தவர்க்கு அதுவும் ஒரு வழக்கமே என்று தெரியவரும் நொடி அது. அந்த நொடி கவிதைக்கும் உரியது. 1935இல் இந்தியாவுக்கு வந்த வாண்டா டினோவ்ஸ்கா என்னும் போலந்துப் பெண்மணி, உமாதேவி என்னும் பெயர் பூண்டு, 1944இல் சென்னையில் போலிஷ்–இந்திய நூலகம் என்னும் நூல்வரிசையைத் தோற்றுவித்து, இந்திய எழுத்துகளைத் தம் மொழியில் பெயர்த்து வெளியிட்டார். அவரும் ஒரு படியைக் கடந்தவர். இந்நாட்டு வழக்கங்களில் அவரும் இடறியே நடை பயின்றிருப்பார். வார்சா பல்கலைக்கழகத்தில் தமிழ் பயிலும் போலந்து மாணவரும், ‘நீ’க்கும் ‘நீங்கள்’ என்பதற்கும் இடையே அவ்வாறே தடுமாறுவர்.

பத்தாண்டுகள் கூடிக் கலந்துரையாடிய ஓர் இலக்கிய வட்டத்துக்கும் ஒரு வாயிற்படி உண்டு. பழகியவர்க்குள் விளங்கும் குறிப்புமொழி உண்டு, குறும்பெயர்கள் உண்டு, யார் எங்கே அமர்வார் என்னும் எழுதா முறையும் உண்டு. புதிதாக ஒரு கவிதையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பின்வரிசையில் வந்து நிற்கும் இளைஞர்க்கு அவையெல்லாம் அயல்மொழியே. பதினோராம் ஆண்டின் முதற்கூட்டத்தில், முன்வரிசையில் ஓர் இருக்கையை அவருக்கென ஒழித்து வைத்தல் நன்று. அவர் கையை நீட்டினால், படிக்கு வெளியே நிறுத்திக் கைகுலுக்காமல், முதலில் உள்ளே அழைத்தல் அதனினும் நன்று.